யோசித்துக்கொண்டே வந்த தவமணி அக்கா

புற்றுநோய்க் கிளினிக்கில் தாதிக்கு மருந்து கொடுப்பது பாதி வேலை. மற்றப் பாதி, கவலைப்படுகிறவர்களிடம் "யோசிக்காதேங்கோ" என்று சொல்வது. எங்கள் மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்த உங்களுக்கு அந்தச் சொல் எப்போதோ புளித்திருக்கும். சொல்கிற எனக்கும்தான்.

நான் எடுத்த பாடம்

ஒருநாள் டொக்டர் வரப் பிந்தியது. சும்மா இருக்க முடியாமல் பாடம் எடுத்தேன். உடம்பின் கலங்கள், அதாவது செல்கள், தினமும் பழுதாகின்றன, உடம்பே அவற்றைத் திருத்துகிறது, ஓயாத மன அழுத்தம் அந்தத் திருத்த வேலையைக் கெடுத்துவிடும் என்றேன். ஆராய்ச்சிக்காரர்கள் "கெடுக்கக்கூடும்" என்று தயங்கித்தான் சொல்கிறார்கள். எனக்கு அன்று அந்தத் தயக்கம் இல்லை.

உரும்பிராயில் வெங்காயத் தோட்டம் செய்கிற தவமணி அக்கா வாங்கில் இருந்தார். கணவர் இறந்தபின் மூன்று பிள்ளைகளைத் தனியே ஆளாக்கியவர். மார்பில் கட்டி எடுத்து, கீமோ தொடங்கியிருந்தது. மெல்லக் கேட்டார்: "அப்ப மிஸி, நான் பிள்ளையளை யோசிச்சு யோசிச்சுத்தானோ இந்த நோயைத் தேடிக்கொண்டனான்?"

வராத நாள்

அடுத்த கீமோவுக்கு அவர் வரவில்லை. இடையில் விடக்கூடாத மருந்து. போன் எடுத்தேன், மகள் பேசினாள். "அம்மா முதல்ல மனசைத் திருத்திப்போட்டு வாறாவாம். யோசனையோடை ஏத்தினா மருந்து வேலை செய்யாதாம்."

நோயோடு குற்றத்தையும் அவர் தலையில் கட்டியது என் வாய். பக்கத்தில் நின்ற டொக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பயப்படுத்தினது நீங்கள் மிஸி, நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வெங்காயப் பாத்தியில்

மத்தியானமே ஸ்கூட்டியில் போனேன். அக்கா தோட்டத்தில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரம்பில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன். யோசனையால்தான் இது வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை, நான் கூட்டிச் சொல்லிவிட்டேன், யோசனையோடு வந்தாலும் மருந்து வேலை செய்யும் என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. என்னைத்தான் ஆறுதல்படுத்துவது போலப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் என் உத்தியோகமும் படிப்பும் சின்னதாய்ப் போய்விட்டன. மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். "என்ரை மனுசன் செத்த கிழமையும் நான் வெங்காயத்துக்குத் தண்ணி இறைச்சனான், மிஸி. யோசிச்சுக்கொண்டே செய்யிறதெண்டா எனக்கு ஆரும் பழக்கத் தேவையில்லை. நாளைக்கு வாறன்."

கடைசிக் கீமோ வரை அவர் ஒருநாளும் தவறவில்லை. அது முடிந்த பிறகும் பரிசோதனைக்கு வந்துபோகிறார். இருபது வருட அனுபவசாலியான நான் இப்போது புதிதாக வருகிற நோயாளிகளை அவருக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு வேறு வேலை பார்க்கிறேன்.