ஊறுகாயைத் திருப்பி அனுப்பிய கடை

அப்பாவின் அக்கா எங்களோடு இருக்க நியூ ஜெர்சிக்கு வந்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. அத்தை நல்லவள்தான், வாயும் வயிறும்தான் கொஞ்சம் கண்டிப்பு. நாங்கள் திருநெல்வேலிச் சைவக் குடும்பம். கவுச்சி வெந்த சட்டியில் வெந்நீர் போட்டால்கூட அத்தைக்கு ஆகாது. இந்த ஊரில் எந்தச் சட்டியில் எது வெந்தது என்று யார் கண்டார்கள்? அதனால் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அத்தை வாயில் வைத்ததெல்லாம் அம்மா கையால் ஆக்கியது மட்டுமே.

அம்மா ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை பார்த்தாள். விடியுமுன் எழுந்து காலைக்கும் மதியத்துக்கும் ஆக்கி வைத்துவிட்டு, ஈரத் தலையோடு காரை எடுத்துக்கொண்டு ஓடுவாள். சாயங்காலம் வந்தால் கைப்பையை வைத்த கையோடு மறுபடி அடுப்பு. ஃப்ரிட்ஜில் வைத்ததெல்லாம் அத்தை கணக்கில் பழையது. சனி ஞாயிறு வந்தால் எல்லாருக்கும் லீவு, அம்மாவுக்குக் கூடுதலாக ஒரு பலகாரம். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே அவள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் ஆக்காத சோறு ஒருவேளை சாப்பிடணும் போல இருக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அக்காவை எதிர்த்துப் பேசும் தைரியம் அப்பாவுக்குப் பால்பல் விழும்போதே விழுந்துவிட்டதாம். ஆனால் ஆபீசில் தன்னோடு வேலை பார்த்த ஒரு யூதரிடம் போய்ப் புலம்பியிருக்கிறார். அவர்தான் பக்கத்து ஊரில் இருக்கும் கோஷர் கடையை, அதாவது யூதர்களின் ஆசாரச் சாப்பாட்டுக் கடையைச் சொன்னார். அவர்கள் வேதப்படி பாலும் இறைச்சியும் ஒன்றாகச் சேரக்கூடாதாம். பால், சீஸ் புழங்கும் அந்தக் கடைக்குள் இறைச்சி வாசற்படி ஏறாது. மீன் இருக்கலாம் என்றதும் அப்பா கடைக்கு போன் போட்டு, மீனும் இல்லை, அவர் கேட்ட பண்டங்களில் முட்டையும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். விலையும் கையைக் கடிக்காது.

இவ்வளவு விசாரித்த மனுஷர் எங்களை ஒரு சனிக்கிழமை அழைத்துப் போய்ப் பூட்டிய கதவைக் காட்டினார். சனிக்கிழமை அவர்கள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. "விரதமா?" என்று அத்தை கேட்டாள். குரலில் லேசாக மரியாதை தட்டியது. ஆனாலும் மறுநாள் கிளம்பும்போது, "நான் சும்மா கூட வாரேன், சாப்பிடச் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் முகம் வாடிப்போனது. அத்தை சாப்பிடாவிட்டால், திரும்பி வந்து அம்மா உலை வைக்க வேண்டும். அப்புறம் அவள் சாப்பிடுவது எப்படி இறங்கும்?

சின்னக் கடை. வாசல் பக்கமே கை கழுவும் தொட்டி, அதன்மேல் இரண்டு பிடி வைத்த ஒரு செம்பு. வந்தவர்கள் அதில் தண்ணீர் மொண்டு இரண்டு கையிலும் ஊற்றிக்கொண்டுதான் ரொட்டியைத் தொட்டார்கள். அத்தையும் ஊற்றிக்கொண்டாள். உள்ளே தலையில் துணி கட்டிய கடைக்கார அம்மாள், மாவை உருட்டித் தட்டித் தட்டி அடுப்புக்குள் தள்ளினாள். ரொட்டி ஒவ்வொன்றும் புஸ்ஸென்று உப்பி வந்தது. ஊறவைத்த கொண்டைக்கடலையை அவிக்காமல் பச்சையாக அரைத்து, கொத்தமல்லி கிள்ளிப்போட்டு, உருட்டி எண்ணெயில் இட்டாள். கை ஓய்ந்தே நான் பார்க்கவில்லை. என்ன கை அது! அத்தை கண்ணெடுக்காமல் பார்த்தாள். "உளுந்துக்குச் சொல்லுத பக்குவத்தைக் கடலைக்குச் செய்யுதா" என்று முணுமுணுத்தாள்.

தட்டு வந்தது. மணம் மூக்கைத் துளைத்தது. அத்தை எங்களுக்குத் தொட்டுக்கொள்ளத் தன் பையைத் திறந்து நார்த்தங்காய் ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஊறுகாய் இல்லாமல் எங்கள் ஜனங்கள் எந்த ஓட்டலுக்கும் போனதில்லை. பார்க்கில் பர்த்டே பார்ட்டி என்றாலும் யார் பையிலாவது ஒரு பாட்டில் இருக்கும். மூடியைத் திருகப் போகும் நேரம் கடைக்கார அம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்தாள். வெளிச் சாப்பாட்டை இங்கே திறக்க முடியாது, கடைத் தட்டில் பட்டால் பிறகு அந்தத் தட்டைப் புழங்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்று இங்கிலீஷில் பணிவாகச் சொன்னாள்.

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. இதை எப்படித் தமிழில் நயமாகச் சொல்வது என்று அவர் தேடிக்கொண்டிருக்கையில் நான் முந்திக்கொண்டேன்.

"அத்தை, உங்க ஊறுகா பட்டா அவங்க ப்ளேட் அசுத்தமாயிடுமாம். கார்ல வெச்சிட்டு வரணுமாம்."

அம்மா கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டாள். அவ்வளவுதான், எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. உலகத்தையே அசுத்தம் என்று ஒதுக்கிய அத்தையை, அசுத்தம் என்று ஒருத்தி ஒதுக்கிவிட்டாள்!

அத்தை அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். மூடியை இறுக்கினாள்.

"அப்படிச் சொல்லு. வெளிச் சாமான் உள்ள வரக்கூடாதுன்னா, அதுல்லா அடுக்களை."

தானே எழுந்துபோய் ஊறுகாயைக் காரில் வைத்துவிட்டு, மறுபடி செம்பில் கை கழுவி வந்து உட்கார்ந்தாள். கடலை வடையைப் பிட்டு வாயில் போட்டாள். மேலே மொறுமொறு, உள்ளே பச்சைப் பசேலென்று பூப்போல. "கைப்பக்குவம் தெரிஞ்சவ" என்று தலையாட்டினாள். அம்மா தட்டில் இருந்ததை நிதானமாகத் தின்று முடித்து, இன்னொரு தட்டு வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அம்மா வாயைத் திறந்தபடி காரில் தூங்கிப்போனாள். பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்து எழுப்பப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை விடவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் ஞாயிறு விடிந்தால் போதும். அம்மா அரிசியை அளக்குமுன் அத்தை வந்து நிற்பாள்: "அந்தக் கடை வடை நாக்குலயே நிக்கி. போவமா?" அத்தைக்கு நாக்கு நீளம் என்று நான் வீட்டுக்கு வந்த ஆன்ட்டிகளிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். கொண்டைக்கடலையோ அத்தைக்குப் பரம வாயு. ஞாயிறு சாயங்காலம் ஆனால் நெஞ்சைத் தடவிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிடுவாள். அம்மா ஒன்றும் கேட்காமல் ஓமம் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுப்பாள். அத்தையும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக் குடிப்பாள். ஒத்துக்கொள்ளாத பண்டத்துக்கு வாராவாரம் இப்படி ஒரு ஆசையா என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை.