பெட்டியில் எழுதாத பேர்

பிள்ளை பெற்ற பெண்களுக்கு உடம்பு தேறவும் பால் ஊறவும் கறி வைக்கிற சரக்குத் தூள் எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, திப்பிலி, இன்னும் ஒன்றிரண்டு சாமான். செத்தல் மிளகாய் கிடையாது. தேற்றாத்தீவில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் அந்த வீட்டு ஆட்கள் அளந்து வாங்க ஒரு சுண்டுப் பேணியோடு எங்கள் படலைக்கு வந்து நிற்பார்கள். பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகள் கனடா, லண்டன், சுவிஸ் என்று போனார்கள். சரக்குத் தூளும் அவர்களுக்குப் பின்னால் போகத் தொடங்கியது. நான் ஒரு வியாபாரமும் தொடங்கவில்லை. கேட்டார்கள், அனுப்பினேன்.

போனில் பேசுவது எனக்குக் கூச்சம். மணி அடித்தால் என் வீட்டுக்காரர்தான் எடுப்பார். "இந்தா அவவிட்டக் குடுக்கன்" என்று என் காதில் வைத்துவிட்டு, நான் "ஓம், ஓம்" என்று சொல்வதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்பார்.

போன மாரிக்குக் கொஞ்சம் முன்னர் அப்படித்தான் ஒரு பிள்ளை பேசினாள்.

"அம்மா, நான் வெல்லாவெளிப் புள்ள. இப்ப சுவிஸ்ல. எங்கட அம்மா தம்பியப் பெத்த நேரம் உங்கட சரக்குத்தான் சாப்பிட்டவ."

"அம்மா எங்க மகள் இப்ப?"

"அம்மா மோசம் போயிட்டா. மாமியும் இல்ல. இஞ்ச நானும் அவரும்தான்."

அவளுடைய தாய் செத்தது எனக்கு அப்போதுதான் தெரியும். அவளே தொடர்ந்து பேசினாள். அங்கே தமிழ்க் கடையில் பக்கெற்றில் சரக்குத் தூள் விற்கிறார்களாம். வாங்கி மணந்து பார்த்தாளாம். "அது வேற அம்மா. எங்கட வீட்டுக்குள்ள அடிச்ச மணம் இல்ல" என்றாள். நாள் எப்போது என்று நான் கேட்கவில்லை. வயிற்றுப் பிள்ளைக்கு நாள் கேட்பது நல்லதில்லை. அவள் தானாகச் சொன்னாள், இன்னும் ஒரு மாதமும் கொஞ்சமும் என்று.

அப்போது வெயில் முடியும் காலம். இருந்த வெயிலில் மல்லியைக் காயவைத்து, ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக வறுத்து, இடித்து, அரித்து, பொலித்தீன் பைக்குள் இன்னொரு பொலித்தீன் பை போட்டுக் கட்டினேன். பிறகு பெட்டி. பெட்டிக்கு மேலே விலாசம் எழுதவேண்டும். அங்கேதான் பிழை நடந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தமிழ் எழுதுவேன். இங்கிலீசு எழுத்தைக் கோலம் பார்த்துக் கீறுவதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கீறுவேன். அந்தப் பிள்ளை அனுப்பின விலாசத்தைப் போனில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கீறினேன். முதலில் அவளுடைய பேர் வந்தது. அடுத்த பேரைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அந்த எழுத்துகள் எனக்குத் தெரிந்த எழுத்துகள். கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் என் வீட்டுக்காரருடைய அடையாள அட்டையை நான்தான் கையில் வைத்திருப்பேன். அந்த அட்டையில் இருந்த அதே பேர். அந்தப் பிள்ளையின் புருஷனுக்கும் அந்தப் பேர்தான்.

புருஷன் பேரை நான் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று எங்கள் அம்மா சொல்லித்தான் கட்டிக்கொடுத்தா. அது முருகனுடைய பேர்களில் ஒன்று. கோவிலில் அந்தப் பேரைச் சொல்லி எல்லாரும் அரோகரா போடும்போது நான் அரோகரா மட்டும் போடுவேன். முருகன் கோபிக்கவில்லை, இத்தனை வருஷமாக.

எழுதினால் என்ன, வாயால் சொல்லவில்லையே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்தான். ஆனால் இது பெட்டி. தூக்கிப் போடுவார்கள், மேலே வேறு பெட்டி அடுக்குவார்கள், முத்திரையால் ஓங்கிக் குத்துவார்கள். அந்தப் பேர் மேலே குத்து விழுவதை நினைக்க எனக்கு மனம் வரவில்லை. சரக்கு அவளுக்குத்தானே, அவளுடைய பேர் இருந்தால் காணும் என்று மற்றப் பேரை விட்டுவிட்டு வீதி, இலக்கம், ஊர், நாடு எல்லாம் சரியாகக் கீறி முடித்தேன். தபால் கந்தோரில் வாங்கிக்கொண்டு இலக்கம் போட்ட ஒரு துண்டு தந்தார்கள். துண்டைப் படம் எடுத்து அனுப்பினோம்.

பெட்டி கொழும்பு போய்விட்டது, பிளேனில் ஏறிவிட்டது, சுவிசுக்கு வந்துவிட்டது என்று அவளே அங்கிருந்து பார்த்துப் பார்த்துச் சொன்னாள். பிறகு கொஞ்ச நாள் சத்தமில்லை. இங்கே மாரி பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறி எங்கள் வளவின் கடைசித் தென்னைவரை வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் அவள் பேசினாள்.

"அம்மா, பெட்டி எங்கட ஊருக்கு வந்து திரும்பிப் போயிருக்கு. இப்ப எங்க கிடக்கெண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாதாம். பெட்டியில என்ன பேர் போட்டிங்க?"

"உன்ட பேர்தான் மகள்."

"அவர்ர பேர்?"

"அத விட்டுட்டன் மகள்."

"அம்மா, போன மாசம்தான் இந்த வீட்டுக்கு மாறின நாங்க. கீழ தபால் பெட்டியில அவர்ர பேர் மட்டும்தான் ஒட்டியிருக்கு. இஞ்ச அந்தப் பேர் இல்லாட்டி இலக்கம் இருந்தாலும் போட மாட்டாங்க. ஏன் விட்டிங்க?"

பக்கத்தில் நின்ற மனுசன் போனைப் பிடுங்காத குறையாகக் குனிந்து சொன்னார்: "மகள், அது என்ட பேர். அதான் விட்டுட்டா."

அந்தப் பக்கம் அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கோபித்திருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும். "பரவாயில்லம்மா" என்றாள். அவளுக்கு அப்போது மாதம் முடிகிற நேரம். அங்கேயிருந்து கேட்டால் தேட மாட்டார்களாம், அனுப்பினவர்கள் இங்கேயிருந்து எழுதிக் கொடுத்தால்தான் தேடுவார்களாம்.

இன்னொரு பெட்டி அனுப்பலாம் என்று மல்லியை எடுத்துப் பார்த்தேன். ஈரம் ஏறி நசநசவென்று இருந்தது. வெயில் இல்லாமல் அடுப்பிலே வைத்துக் காயவைத்தால் சரக்குக் கறுத்துக் கைக்கும். போன பெட்டி கிடைத்தால்தான் அவளுக்குச் சரக்கு. இல்லையென்றால் இல்லை. அடுப்படியில் இருந்துகொண்டு அதையே நினைத்தேன். தாயும் இல்லை, மாமியும் இல்லை. பிள்ளை பெற்று வீட்டுக்கு வருகிற அன்றைக்கு அவளுக்குச் சட்டியில் என்ன வைப்பார்கள்?

"மறுகா என்ன யோசின? வெளிக்கிடு, கந்தோருக்குப் போவம்" என்றார் வீட்டுக்காரர்.

மழை விட்ட ஒரு காலையில் ஓட்டோவில் போனோம். தபால் கந்தோரில் ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் நிற்கிற இடத்தில் எனக்குக் குரல் எழும்பாது. அவர் வாசலில் கச்சான் கடலை விற்கிறவரோடு கதைத்துக்கொண்டு நின்றுவிட்டார். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. துண்டை வாங்கிப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, "அப்ப அந்தப் பேரையும் சேத்துத் தேடச் சொல்லுவம். என்ன பேர் அம்மா?" என்றாள்.

நான் வாசலைக் காட்டினேன்.

"ஆரு, அந்த ஐயாவா? அவருக்குத்தான் பெட்டியா?"

"இல்ல மகள். அவர்ர பேர்தான்."

பின்னால் நின்ற ஒரு பெண்ணுக்கு முதலில் விளங்கிவிட்டது. "அவ புருஷன்ர பேரச் சொல்ல மாட்டா. எங்கட உம்மம்மாவும் இப்பிடித்தான்" என்றாள். அவள் முக்காடு போட்டிருந்தாள். ஏறாவூர்ப் பக்கமாக இருக்கவேண்டும். கவுண்டர்ப் பிள்ளை எட்டிப் பார்த்து, "ஐயா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்களன்" என்று கூப்பிட்டாள். இவர் கச்சான் பையோடு வந்தார்.

"ஐயா, அம்மா உங்கட பேரச் சொல்றாவில்ல."

"அவ சொல்ல மாட்டா தங்கச்சி. ஒருக்கா ஆத்துல தோணி பிரண்டு நான் தாழுறன், கரையில நிண்டு 'இஞ்சேருங்க, இஞ்சேருங்க' எண்டு கத்துறா. கரையில நிண்ட எல்லா ஆம்பிளையளும் ஓடி வந்துட்டாங்க, தங்கட பொண்டாட்டிதான் கூப்பிடுறா எண்டு."

கந்தோரே சிரித்தது. எனக்கு நிலத்துக்குள் போகலாம்போல இருந்தது. அவர் தன் பேரைச் சத்தமாகச் சொன்னார். அந்தப் பிள்ளை தலையாட்டிவிட்டுப் பேப்பரை என் பக்கமே தள்ளினாள். "நீங்க சொன்னாக் காணாது ஐயா. அனுப்பினவ அம்மாதானே. அவதான் எழுதிக் கையெழுத்து வைக்கணும்."

"இந்தா, அதுக்கும் நான் வேணாமாம்" என்று அவர் திரும்பிப் போய்விட்டார்.

பேனா கையில் இருந்தது. பின்னால் ஆட்கள் பொறுத்துக்கொண்டு நின்றார்கள். அம்மா சொன்னது நினைவு வந்தது. அம்மா இந்த வாயைத்தான் கட்டிவைத்தா, கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று சாட்டுச் சொல்லிப் பார்த்தேன். அது சாட்டென்று எனக்கும் தெரியும். பிறகு வேறொன்று வந்தது. அங்கே ஒரு பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பவும் மேலே ஏறுகிறாள். அவளுக்கு வேண்டியது இந்தப் பேர் ஒன்றுதான்.

கீறினேன். முதல் எழுத்து வளைந்துவிட்டது. மற்றவை சரியாக வந்தன. எழுதி முடித்துவிட்டு உடனே வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கச்சான் கோதை ஊதிக்கொண்டு நின்றார். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவருக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். "பேரையும் எழுதிட்டு மிளகாயும் சுத்துறா" என்று தும்மினார்.

பதில் கெதியில் வரவில்லை. தேடுகிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். அதற்குள் சுவிசிலிருந்து ஆம்பிளைக் குரல் ஒன்று பேசியது. ஆண் பிள்ளையாம், தாயும் பிள்ளையும் சுகமாம். "நல்லது மகன், நல்லது" என்று என் வீட்டுக்காரர்தான் பேசினார். பெட்டியைப் பற்றி அவளுடைய புருஷன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காதது எனக்கு நெஞ்சுக்குள் கிடந்தது. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிப்பதற்குள்ளாவது போய்ச் சேரவேண்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டேன்.

மழைக்குள் ஒரு பின்னேரம் போன் அடித்தது. அவர் ஆற்றடிக்குப் போயிருந்தார். எடுக்க வேறு ஆள் இல்லை. அடித்து நின்றுவிடும் என்று பார்த்தேன், நிற்கவில்லை. எடுத்தேன்.

"அம்மா, வந்திட்டு!"

"என்ன மகள்?"

"பெட்டிதான். முந்தாநாள் வீட்ட கொண்டுவந்து தந்தாங்க. ஒரு மூல நசிஞ்சிருக்கு, பை உடையல்ல. திறந்தோடன வீடு முழுக்க அந்த மணம்."

"சமைச்சியா?"

"நான் எங்க சமைக்கிற? அவர்தான் கோழி வாங்கிச் சமைச்சவர். மிளகாத்தூளும் போடப் பாத்தார். கட்டில்ல கிடந்து கத்தினன், போடாதிங்க எண்டு."

"உள்ளி போட்டவரா?"

"முழுசு முழுசாப் போட்டவர்."

"அது நல்லம்" என்றேன். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன். "பால் எப்பிடி மகள்?"

"முதல் கிழம காணாதம்மா. இவன் அழுதான், நானும் அழுதன். அம்மா இருந்தா என்ன செய்வா எண்டு தெரியாது. நேத்துத்தான் பால் ஊறிச் சட்டை நனைஞ்சிட்டு. இப்ப குடிச்சிட்டுத்தான் கிடக்கான்."

அவளுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. விக்கல்.

"தோள்ல போட்டு முதுகத் தட்டு மகள். மெல்ல."

அவள் போனை எங்கேயோ வைத்தாள். தட்டுகிற சத்தம் கேட்டது. நான் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, வயிற்றுக் காற்று வெளியேறி அவன் ஏவறை விடும்வரை இருந்தேன்.