வெந்நீரில் வலிக்காத கை

பள்ளிச் சீருடை தைக்கும் கம்பெனியில் காலர் வைப்பது அவள் வேலை. ஆறு வருஷமாக உடம்பு முழுக்க வலி. எடுத்த ஸ்கேனில் எல்லாம் ஒன்றுமில்லை என்றே வந்தது. வீட்டிலும் அதையே சொன்னார்கள். கடைசியில் ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று கண்டுபிடித்து, வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கும் வெந்நீர்க் குளத்தில் பயிற்சி செய்யச் சொன்னார். வலிக்கு ஒரு பெயர் கிடைத்த பிறகுதான் கணவன் துணி துவைப்பதை ஏற்றுக்கொண்டான், முனகிக்கொண்டே.

முதல் நாள் துணைக்கு வந்தது நாத்தனார். மார்பளவு வெந்நீரில் இறங்கியதும் தோளில் இருந்த இறுக்கம் மெல்ல விட்டது. பயிற்சி தரும் பெண் சொன்னபடி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். தூக்க முடிந்தது! தன்னை மறந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டுப் படி ஏறும்போதே வலி திரும்பிவிட்டது. அதற்குள் நாத்தனார் உள்ளே போய் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணிக்கு ஒண்ணுமே இல்லண்ணா. தண்ணில கையத் தூக்கிட்டு என்னா சிரிப்பு! நாமதான் ஏமாந்துட்டோம்."

"அது தண்ணிக்குள்ள இருக்கிறவரைக்கும்தான்..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"வாளிக்குள்ளயும் தண்ணிதானே இருக்கு?" என்ற கணவன், ஊறவைத்த துணியை வாளியோடு அவள் பக்கம் காலால் தள்ளினான்.

அடுத்த வாரமும் நாத்தனார் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் போன வாரம் போலவே இதமாக இருந்தது.

"கையத் தூக்குங்கம்மா. வலிக்குதா?" என்று கேட்டாள் பயிற்சி தரும் பெண்.

கொஞ்சம்கூட வலிக்கவில்லை. கையைப் பாதியில் நிறுத்தி, கரைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "உயிரே போகுது."