வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை: சம்பந்தியோடு ஒரு மலிவுப் பயணம்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கொழும்பில் ஒரு நாள்தான் நிற்கிறோம், காசு அதிகம் செலவழிக்காமல் எதைப் பார்க்கலாம்?" அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். எழுதி முடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் என் பொறாமையாக இருக்கிறது. வழித்தகவல் சரியாகத்தான் இருக்கிறது என்பதால் அப்படியே போடுகிறேன். வழி மட்டும் வேண்டுமென்றால் கடைசி இரண்டு பந்திகளுக்குப் போய்விடலாம்.

பயணம் போனது ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை. மகள் மதுராவின் கல்யாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது. மாப்பிள்ளை ரூபன் டோஹாவில் பொறியியலாளர், கொட்டாஞ்சேனைப் பிள்ளை. அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் சைவர். கோயிலா சேர்ச்சா என்ற இழுபறியெல்லாம் முடிந்து, இரண்டும் என்று தீர்மானமாகியிருந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி. ரூபன் டோஹா வேலையை முடித்துத் திரும்பி வந்ததும் இருவரும் எங்கே குடியிருப்பது? வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்தளத்தை நான் யாரிடமும் சொல்லாமல் திருத்திக்கொண்டிருந்தேன். புதிய மின்விசிறிகூடப் பூட்டியாகிவிட்டது.

அப்போதுதான் மதுரா சொன்னாள். "அப்பா, நீங்களும் ரூபனின்ர அப்பாவும் நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு ஒழுங்காக் கதைக்கவே இல்லை. நாங்கள் மூண்டு பேரும் ஒருநாள் கொழும்பு சுத்துவம். நீங்கள்தான் கைட்."

நான் முப்பத்திரண்டு வருடம் நில அளவையாளராக இருந்தவன். கொழும்பின் பழைய வரைபடங்களைப் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். மகளே கைட் என்று சொன்னால் கேட்கவும் வேண்டுமா? வெள்ளி இரவு முழுக்கப் படித்தேன். காலையில் புறப்படும்போது மனைவி வாசலில் நின்று, "போட்டி போடாமல் போயிட்டு வாங்கோ" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அப்போது விளங்கவில்லை.

சம்பந்தியின் பெயர் பிரான்சிஸ். கொட்டாஞ்சேனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், இப்போது கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். என்னைவிட மூன்று வயது இளையவர். உரத்த சிரிப்புக்காரர். காலை ஏழு மணிக்கே பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். காலி வீதியில் ஒரு சைவக் கடையில் தோசை, வடை, தேநீர். மூவருக்கும் 1,150 ரூபா. நான் பணப்பையை எடுப்பதற்குள் அவர் கட்டிவிட்டார். கட்டியது மட்டுமல்ல, பரிமாறிய பெடியனின் ஊர், தங்கச்சியின் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்திருந்தார். நான் பதினெட்டு வருடமாகச் சாப்பிடுகிற கடை. அவனுக்குத் தங்கச்சி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வெள்ளவத்தைப் புகையிரத நிலையம் கடலோடு ஒட்டி இருக்கிறது. மேடையில் நின்றால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காட்சிக்குக் காசு இல்லை. கோட்டைக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு நாங்கள் போன அன்று ஆளுக்கு 30 ரூபா. இடப்பக்கம் இருங்கள், கொள்ளுப்பிட்டி தாண்டும் வரை கடல் கூடவே வரும். இருபத்தைந்து நிமிடப் பயணம். ஜன்னலோரம் மகளுக்கு, அவளுக்குப் பக்கத்தில் நான் என்று எண்ணியிருந்தேன். ஏறிய வேகத்தில் அவளுக்குப் பக்கத்தில் பிரான்சிஸ் உட்கார்ந்துவிட்டார். நான் எதிரே, ஒரு கோழிக்கூடைக்கும் ஒரு பாட்டாளிக்கும் நடுவில். பம்பலப்பிட்டி வருவதற்குள் அவர் ஏதோ சொல்ல, மதுரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "என்ன பகிடி?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை அப்பா, பிறகு சொல்றன்" என்றாள். இன்றுவரை சொல்லவில்லை.

கோட்டை நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நடந்தால் பழைய மணிக்கூட்டுக் கோபுரம். நடுவீதியில் நிற்கிற அந்தக் கோபுரம் முன்னர் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இரவு முழுக்கப் படித்திருந்தேன். தொண்டையைச் செருமினேன்.

"மகள், இது ஏன் கட்டினது தெரியுமா?" பிரான்சிஸ் முந்திக்கொண்டார். "வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நேரத்துக்கு டீ கேட்டாங்களாம். குசினிக்காரனுக்கு விசர் பிடிச்சிட்டுது. அதான் எல்லாருக்கும் ஒரே மணிக்கூடு."

"பிழை. இது ஒரு கவர்னரின்ர மனைவி வரைஞ்ச வடிவம். பிறகு மேல வெளிச்சம் வைச்சவை" என்றேன்.

"ஓ, அப்படியா அப்பா" என்றாள் மதுரா. பிறகு அவர் பக்கம் திரும்பி, "குசினிக்காரன் கதைதான் நல்லா இருக்கு, அங்கிள்" என்றாள்.

கோட்டையின் பழைய கட்டடங்களை வெளியிலிருந்து பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. டச்சுக்காரர் காலத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்து முற்றத்திலும் சும்மா உலாவலாம், உள்ளே உள்ள கடைகளில் விலையைக் கேட்காமல் இருந்தால் போதும். பத்து மணிக்குள் கோட்டையை முடித்துவிடுங்கள், பிறகு வெயில் தாங்காது.

அங்கிருந்து புறக்கோட்டைக்கு நடந்தோம். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பள்ளிவாசல். கொழும்பு வந்து அதைப் பார்க்காமல் போகக் கூடாது. தொழுகை நேரம் இல்லாவிட்டால், கேட்டுப் பார்த்தால் சில வேளை உள்ளேயும் விடுவார்கள். நாங்கள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம்.

அந்தத் தெருவைக் கடக்கும்போதுதான் அது நடந்தது. புறக்கோட்டையில் மூட்டை ஏற்றிய கைவண்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிற ஆட்கள் யாருக்காகவும் நிற்கமாட்டார்கள், நிற்கவும் முடியாது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மதுராவின் குரல் கேட்டது.

"அப்பா, கவனம்!"

நான் அப்படியே நின்று பின்னால் ஒரு அடி வைத்தேன். என் பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். மதுரா பிரான்சிஸின் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சீனி மூட்டை வண்டி அவர் முழங்காலை உரசிக்கொண்டு போனது. "தாங்ஸ் மகள்" என்றார் அவர். அவள் அவருடைய சட்டைக் கையைத் தட்டிவிட்டாள்.

அதுவரைக்கும் அவள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டாள். அந்தச் சொல் மாறியதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் தெரு நடுவில் நின்றேன், ஒரு முச்சக்கரவண்டி பின்னால் வந்து ஹோர்ன் அடிக்கும் வரை.

அதன் பிறகு நான் வேகமாக நடந்தேன். பிரதான வீதி முடிவில் பழைய மணி ஒன்று தொங்குகிறது, அந்த இடத்துக்கு முதலை வாசல் என்று பொருள்படும் ஒரு டச்சுப் பெயர். அதற்கும் பிரான்சிஸ் ஒரு கதை வைத்திருந்தார், நான் காதில் வாங்கவில்லை. அங்கிருந்து வுல்ஃபெண்டால் மேட்டில் ஏறினால் டச்சுக்காரரின் பழைய தேவாலயம். அரைக் கிலோமீற்றர்தான், ஆனால் நல்ல ஏற்றம். நான் ஒருமுறையும் நிற்காமல் ஏறினேன். மேலே போய்த் திரும்பினால் பிரான்சிஸ் பாதிவழியில் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார், மதுரா போத்தலைத் திறந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மேலே வந்ததும் என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள். "அப்பா, அவருக்குப் போன வருசம் நெஞ்சில ஸ்டென்ட் வைச்சது உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். நான் ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டு போய்ப் பார்த்தவன்.

தேவாலயத்துக்குள் போனோம். தடித்த சுவர், உயர்ந்த கூரை, வெளியில் எரிகிற வெயிலுக்கு உள்ளே குளிர்ச்சி. தரையெல்லாம் பெயர் செதுக்கிய கல்லறைக் கற்கள். கட்டணம் இல்லை, உண்டியலில் விரும்பியதைப் போடலாம். அரைமணி நேரம் நான் தனியாக அந்தப் பெயர்களை வாசித்துக்கொண்டு திரிந்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்தது கொச்சிக்கடைப் பக்கம் உள்ள கருங்கல் சிவன் கோயில், ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. தூணும் கூரையும் எல்லாம் கல். நடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்பதால் பன்னிரண்டுக்கு முன்னரே போய்ச் சேர்ந்தோம். இங்கேயாவது நான்தானே கைட் என்று நினைத்தேன். பிரான்சிஸ் வாசலில் செருப்பைக் கழற்றினார், சட்டையையும் கழற்றி மடித்துத் தோளில் போட்டார். நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சுற்றி வந்து கும்பிட்டு முடிந்ததும் ஐயர் விபூதி தந்தார். மதுரா எனக்குப் பூசுவாள் என்று நெற்றியை நீட்டிக் கொஞ்சம் குனிந்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அவள் திரும்பி, பிரான்சிஸிடம், "பூசலாமா?" என்று கேட்டாள். "தாராளமாப் பூசுங்க மகள்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் எனக்கு நானே பூசிக்கொண்டேன்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் அந்தோனியார் கோயில். பைகளைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள், பெரிய பை கொண்டுபோக வேண்டாம். எல்லாச் சமயத்தவரும் வந்து மெழுகுவர்த்தி கொளுத்துகிற இடம். பிரான்சிஸ் மூன்று வாங்கி ஆளுக்கொன்று தந்தார். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

மதியச் சாப்பாடு கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டில். பிரான்சிஸின் மனைவி பிலோமினா மீன்குழம்பும், எனக்கென்று தனியாகக் கத்தரிக்காய்ப் பாற்கறியும் வைத்திருந்தார். சாப்பிட்டு ஓய்வெடுத்து, நாலரை மணிபோல மூன்றாம் மாடிக்குப் போனோம். மேலே ஒரு அறை, அதற்கு முன்னால் மொட்டைமாடி. அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரிகிறது. பாரந்தூக்கிகள், அடுக்கிய கொள்கலன்கள், அவற்றுக்கு அப்பால் கடல். இத்தனை வருடம் கொழும்பில் இருந்தும் துறைமுகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அறைச் சுவரில் இளம்பச்சைப் பூச்சு. புதிதாக அடித்த வாசம்.

"கலர் நல்லா இருக்கா அப்பா?" என்று மதுரா கேட்டாள். "நான்தான் தெரிஞ்செடுத்தனான்."

நான் விளங்கிக்கொண்டேன். ஆனாலும் அவளே சொல்லட்டும் என்று நின்றேன்.

"நாங்கள் இஞ்சதான் இருக்கப் போறம். எனக்கும் இஞ்சயிருந்து வேலைக்குக் கிட்ட. உங்களிட்ட ஃபோனில சொல்லக் கூடாது எண்டுதான் இண்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

"மேல புது ஃபேன் போட்டிருக்கு" என்றேன்.

"தெரியும். அம்மா சொன்னவ. அது என்ர அறைதான் அப்பா, எப்பவும்" என்றாள். கொஞ்ச நேரம் என் பக்கத்தில் நின்றாள். பிறகு பிலோமினா கூப்பிட, தேநீர் எடுத்துவரக் கீழே போனாள்.

பிரான்சிஸ் மதில் ஓரமாக வந்து நின்றார். சிரிப்பு இல்லை.

"அண்ணை, ஒண்டு சொல்லவா? எனக்கு உங்களில சரியான எரிச்சல்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"ரூபன் எனக்குக் கோல் எடுத்தா, சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, சரி அம்மாக்கிட்டக் குடுங்க. ரெண்டு நிமிசம். உங்களோட ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் கதைக்கிறானாம். பிலோமினாக்கிட்டச் சொல்லியிருக்கான். அப்படி என்னத்தக் கதைக்கிறான்?"

ரூபன் என்னோடு கதைப்பது உண்மைதான். அவனுக்குப் பழைய வரைபடங்களில் ஆசை. எந்தக் கால்வாய் எங்கே மூடுண்டது, எந்தக் காணி முன்னர் என்னவாக இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பான். மருமகனாக வரப்போகிறவன் மரியாதைக்குக் கேட்கிறான் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"இண்டைக்கு முழுக்க நான் பகிடி விட்டது ஏன் தெரியுமா?" என்றார் அவர். "நீங்க வந்தா வரலாறா எடுத்து விடுவீங்க. எனக்கு என்ன தெரியும்? கண்ணுக்கு நம்பர் பாக்கத் தெரியும். மகளும் என்னோட ரெண்டு நிமிசத்தில நிப்பாட்டிருவாளோ எண்டு பயம். அதான் சும்மா எடுத்து விட்டன்."

இதைக் கேட்டதும் நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், காலை முதல் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகியது, எனக்குச் சந்தோசமாக இருந்தது. ரூபன் சென்ற ஞாயிறு என்ன கேட்டான், அதற்கு நான் என்ன சொன்னேன், அவன் எப்படி ஆச்சரியப்பட்டான் என்பதையெல்லாம் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். அவர் முகம் சுருங்கச் சுருங்க இன்னும் சொன்னேன். நடுவில் அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"வேணுமெண்டேதான் சொல்றீங்க, என்ன?"

"ஓம்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மதுரா தேநீர்த் தட்டோடு ஓடி வந்தாள். "என்ன பகிடி?" என்று கேட்டாள்.

"ஒண்டும் இல்லை. பிறகு சொல்றன்" என்றேன்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. ரூபன் டிசம்பரில் நத்தாருக்கு ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டான். மதுரா இப்போது பிரான்சிஸை அப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். கேட்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் குத்துகிறது. ரூபன் என்னை மாமா என்று கூப்பிட்டு வரைபடத்தை விரிக்கும்போது பிரான்சிஸ் எழுந்து தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அவ்வளவுதான்.

இனி வாசகர்களுக்கு. காலை எட்டு மணிக்கு முன் வெள்ளவத்தையில் புகையிரதம் ஏறுங்கள். அலுவலக நாட்களில் நெரிசல், சனிக்கிழமை நல்லது. கோட்டை, புறக்கோட்டை, வுல்ஃபெண்டால், கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை என்ற வரிசையில் போனால் மொத்த நடை ஐந்து கிலோமீற்றருக்குள் முடியும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். கோயில்களுக்கும் தேவாலயங்களுக்கும் தோளையும் முழங்காலையும் மூடிய உடுப்பு. திரும்பும்போது கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து காலி வீதியால் போகிற 101. போக்குவரத்துக்கு ஆளுக்கு நூற்றைம்பது ரூபா தாண்டவில்லை. விலைகள் மாறியிருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் உங்களோடு வந்தால் வுல்ஃபெண்டால் மேட்டில் அவர்களுக்குப் பின்னால் நடங்கள்.

கொழும்பில் துறைமுகம் மிக அழகாகத் தெரிகிற இடம் எது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் பார்த்ததில் அது கொட்டாஞ்சேனையில் ஒரு மூன்றாம் மாடி மொட்டைமாடி, பின்னேரம் ஐந்து மணிக்கு, பச்சை அறைக்கு முன்னால். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே ஏறுவதற்கு முன் ஒரு மகளைக் கட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.