மதினியிடம் நான் வாசித்த கடிதம்

மதினியின் பீரோவில் இருந்த அந்தப் பழுப்பு உறை இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. மதினி தை மாதம் சிறுநீரகக் கோளாறில் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாள் அவருடைய மகள் அதைக் கொண்டுவந்து நீட்டினாள். "சித்தப்பா, இத ஒங்கள்ட்ட குடுக்கச் சொன்னா அம்மா" என்றாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் அண்ணன் இறந்தபோது, அவன் வேலை பார்த்த வளைகுடாக் கட்டுமானக் கம்பெனி சவப்பெட்டியோடு சேர்த்து அனுப்பிய கடிதம். கீழப்பாவூர் வீட்டில் அதை எல்லோர் முன்பும் வாசித்தவன் நான்தான்.

எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில் எந்தத் தாள் வந்தாலும் அப்படித்தான். ஆஸ்பத்திரிச் சீட்டோ, விசாத் தாளோ, நான் தென்காசியிலிருந்து வரும்வரை பிரிக்காமல் சாமி படத்துக்குக் கீழே இருக்கும். நான் வந்து நடுவீட்டில் நின்று தமிழில் சொல்ல வேண்டும். சொன்னபிறகு யாரும் அந்தத் தாளைத் திரும்பிப் பார்த்ததில்லை. நான் சொன்னதுதான் அதில் எழுதியிருந்தது. அந்த மரியாதை எனக்குப் பிடித்துமிருந்தது.

தென்காசியில் ஆங்கில டியூஷன் நடத்திக்கொண்டிருந்தேன். இலக்கணத்தில் மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம், சின்ன வார்த்தைகளுக்கு என்னிடம்தான் வர வேண்டும் என்று கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பந்தை ஒருவனிடம் எறிவதற்கு 'டு', அவன்மேல் எறிவதற்கு 'அட்'. கூடச் சேர்ந்து சிரிப்பதற்கு 'வித்', கேலியாகச் சிரிப்பதற்கு மறுபடியும் 'அட்'. வகுப்பில் நடித்தே காட்டுவேன். கடைசியாகச் சாவுக்கு வருவேன். வியாதியில் செத்தால் 'ஆஃப்', காயத்தில் செத்தால் 'ஃப்ரம்', நாட்டுக்காகச் செத்தால் 'ஃபார்', தன் கையாலேயே செத்தால் 'பை'. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். ஒவ்வொரு தாளிலும் வலது ஓரத்தில் தேதி போடாவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

அண்ணன் சாவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே போனில் அவன் குரல் சரியில்லை. "ஏலே, இங்கன முடியலலே. தூக்கமே வரல. நான் வந்துருதேன்" என்றான். வீடு பாதி எழும்பி நின்ற நேரம். மதினி, "கட்டினது போதும், அவுக வந்துரட்டும்" என்று ஒரே பிடியாக நின்றார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான்தான் போனை வாங்கி, "ஒரே ஒரு வருசம்ணே, பல்லக் கடிச்சிக்கிட்டு இரு" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான். அதன்பிறகு என்னோடு பேசவே இல்லை.

பெட்டி திருவனந்தபுரம் வழியாக வந்தது. அதைத் திறக்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். "தமிழ்ல சொல்லுலே, என்ன போட்டிருக்கான்?" என்றார் அப்பா. கடிதம் ஐந்து வரிதான். மூன்றாவது வரியில் 'பை ஹிஸ் ஓன் ஹேண்ட்' என்று இருந்தது. சுவரோரம் உட்கார்ந்திருந்த மதினி தலையை நிமிர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேலை பாக்கும்போது சாரத்துலேருந்து தவறி விழுந்துட்டான்" என்று சொன்னேன். அப்பாவின் நெஞ்சு தாங்காது என்பதற்காகச் சொன்னதாகத்தான் ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. அந்த வரியை உள்ளபடி சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும் என்று பயந்தேன்.

விபத்துக்கு யாரும் பொறுப்பில்லை. போனைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. மதினி மட்டும் இரண்டொரு தடவை, "அவுக வாரேன்னு சொன்னாகளே" என்று ஆரம்பித்தார். புருஷனைப் பறிகொடுத்தவள் புத்தி தடுமாறிப் பேசுகிறாள் என்று சொந்தக்காரர்கள் அவரை அடக்கினார்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுவருஷம் ஆனியில் சாரல் நன்றாக விழ, பிள்ளைகளின் நச்சரிப்பில் எல்லோருமாக ஐந்தருவிக்குப் போனோம். மதினி குளிக்கவில்லை. படியில் உட்கார்ந்து மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"தம்பி, அந்தக் காயிதத்துல நெசமாவே விழுந்துட்டாகன்னுதான் போட்டிருக்கா?"

"ஆமா மதினி. ஒங்கள்ட்ட போயி பொய் சொல்லுவனா?"

"சரி" என்றார். துண்டைப் பிழிந்து மடித்து வைத்தார். அதற்குப்பின் பதின்மூன்று வருஷம், சாப்பிட வாங்க, பஸ் வந்துட்டு என்பதைத் தாண்டி அவர் என்னிடம் பேசியதில்லை.

உறையை நேற்றுதான் பிரித்தேன். கடிதத்தின் மூன்றாவது வரியில் 'பை' என்ற அந்த ஒரு சின்ன வார்த்தைக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தது. கடிதத்தோடு ஒரு நோட்டுத் தாளும் மடித்து வைத்திருந்தது. மதினியின் பக்கத்து வீட்டுப் பெண் என்னிடம் படித்தவள். அவளுடைய கையெழுத்து. 'ஆஃப், ஃப்ரம், ஃபார், பை' என்று நான் சொல்லச்சொல்ல ஆங்கில எழுத்தில் எழுதிய நான்கு வரிகள். எதிரே தமிழில் அர்த்தம். நாலாவதற்கு எதிரே 'தன் கையாலேயே' என்று இருந்தது. அதற்கும் அதே பென்சில் கோடு. தாளின் வலது ஓரத்தில் நான் அதட்டிப் போடவைத்த தேதி. அண்ணன் சாவதற்கு முந்தின மாதம். அந்தப் பெண்ணிடமே இன்று போனில் கேட்டேன். ஐந்தருவிக்குப் போவதற்கு முந்தின வாரம் மதினி அதை வாங்கிக்கொண்டு போனாராம்.

தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். நான் சொல்லிவிட ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு நடந்தபிறகும் கொடுத்திருக்கிறார்.

மதினியின் மகள் ஆங்கிலம் நன்றாகப் படித்தவள். அவளே என் அப்பாவிடம் சொல்லிவிட்டிருக்கலாம். "நான் வாசிச்சா செல்லாது சித்தப்பா. தாத்தா முன்னால நீங்க வாசிக்கணுமாம். அம்மா சொன்னா" என்று உறையைக் கொடுத்த அன்றே வாசலில் நின்று சொன்னாள். நாளை காலை கீழப்பாவூர் போகிறேன். அப்பாவுக்கு இப்போது காது மந்தம். சத்தமாகத்தான் வாசிக்க வேண்டும்.