இரண்டாவது மெத்தை

"சார், நீங்க போட்டுக் குடுத்த கட்டில்ல பலகையத் தூக்கினா நிக்கவே மாட்டேங்கறது. யாரையாவது அனுப்புங்கோ" என்று திலக் நகரிலிருந்து ஒரு மாமி போன் செய்தார். செம்பூரில் ஹைட்ராலிக் கட்டில் செய்யும் கடையில் சர்வீஸ் பார்ப்பவன் நான். சின்ன வீடுகளில் பீரோ, பரண் எல்லாம் இந்தக் கட்டில்தான். மேல்பலகையைத் தூக்கினால் இரு பக்கமும் உள்ள கேஸ் பம்ப் அதைத் தாங்கி நிறுத்தும். அடியில் இருக்கும் பெட்டியில் சாமான் வைக்கலாம்.

மாலையில் நானே போனேன்.

"வாங்கோ. நீங்க வர்றதுக்குள்ள நானே ஏதோ ஒரு ஜுகாட் பண்ணி நிக்க வெச்சுட்டேன்" என்று மாமி சிரித்தார்.

உள்ளே பார்த்தேன். தூக்கிய பலகைக்கு, தரை துடைக்கும் மாப்பின் கம்பை முட்டுக் கொடுத்திருந்தார். பலகையில் எங்கள் மெத்தையோடு பழைய பஞ்சு மெத்தை ஒன்றும் புடவையால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. பெட்டிக்குள் அவருடைய நாலு வயதுப் பேத்தி பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கம்பு வில்லாக வளைந்திருந்தது.

கத்தினால் குழந்தை திடுக்கிட்டுக் கம்பைத் தட்டிவிடுவாள். மெல்லப் போய் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தேன்.

"பாப்பா, வெளிய வா மக்கா."

"மாட்டேன். இது எங்க ஃப்ளாட். பெல் அடிச்சுட்டு வா."

"என்ன சார், இப்படி வேர்த்துக் கொட்டறது?" என்றார் மாமி.

"மாமி, பேசாதீங்க. பிள்ளையத் தூக்குங்க. கம்புல படாம."

தூக்கும்போது குழந்தையின் கால் பட்டுவிட்டது. கம்பு சரிந்தது. முழுக் கனமும் என் கையில் இறங்கியது. மாமி குழந்தையோடு விலகியதும் கையை உருவினேன். பலகை விழுந்த சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

மாமி பேத்தியை இறுக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். "பழைய மெத்தைய எங்க சார் வைக்கறது? இடம் இல்லேன்னுதானே இந்தக் கட்டிலே வாங்கினோம்" என்றார்.

பம்ப் ஒரு மெத்தையின் கனத்துக்கு மட்டுமே பொருத்தப்பட்டது; இரண்டைத் தாங்காது. பலகை மூடியிருந்தால் உள்ளேயிருந்து அந்தப் பிள்ளையால் தள்ளித் திறந்திருக்க முடியாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: அறையை அளக்கும் முன், பழைய மெத்தையை என்ன செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

தாராவியில் என் வீட்டிலும் இதே கட்டில்தான். மகளுக்கு எட்டு வயது. அன்றிலிருந்து வீட்டுக் கதவைத் திறந்ததும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். பதில் வரக் கொஞ்சம் தாமதித்தாலும் என் கை பலகையைத் தூக்கப் போய்விடுகிறது.