ஓட்டம் இருக்கு

எங்கள் முதல் குழந்தை முப்பதாம் நாள் உதடு நீலம் பாரித்துச் செத்தது. அதனால் என் மனைவி இரண்டாவது உண்டானபோது, அருப்புக்கோட்டையில் ஸ்கேன் பார்க்கும் டாக்டரம்மா வயிற்றுப் பிள்ளையின் நெஞ்சையே வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குப் பிடிபடலப்பா. மதுரையில பிள்ளைக இதயம் பாக்குற டாக்டர் இருக்காரு, அவரு பாத்துச் சொல்லட்டும்" என்றார். மனைவிக்கு அப்போது உதிரம் பட்டுக்கொண்டிருந்தது, அவளைப் பஸ்ஸில் அவ்வளவு தூரம் குலுக்கக் கூடாது. எனவே ஸ்கேன் படத்தை மட்டும் வீடியோ கேசட்டில் பதிந்து அனுப்பினார்கள். கல்யாண வீடியோ போடுகிற அதே மாதிரி கேசட்.

பதிலை போனில் கேட்க வேண்டும். டாக்டரம்மாவின் போன் மழையில் செத்துக் கிடந்ததால், எஸ்.டி.டி. பூத்திலிருந்து நானே கேட்டு வருவதாக ஏற்பாடு.

நான் பதினைந்து வயதிலிருந்து பவர்லூம் ஓட்டியவன். பாதிக் காது அந்தச் சத்தத்திலேயே போயிருந்தது. தறி ஓடும் ஷெட்டில் யாரும் காதால் கேட்பதில்லை. எதிராளியின் வாயைப் பார்ப்போம், புரியாவிட்டால் 'சரி' என்று தலையாட்டுவோம். அறுந்த நூலுக்கு அது போதும். போனில் பார்ப்பதற்கு வாய் ஏது?

"நான் வேணாக் கேட்டுச் சொல்லட்டாண்ணே?" என்றான் பூத்துக்காரன்.

"எனக்குக் காது இருக்குலே" என்று எரிந்து விழுந்தேன். திமிர், வேறென்ன.

கரகரப்புக்கு நடுவே "இதயத்துல... ஓட்ட... இருக்கு..." என்று வந்தது. ஓட்டம் என்று எடுத்துக்கொண்டேன். ரத்த ஓட்டம் இருக்கிறது! மதுரை என்று ஏதோ காதில் விழுந்தது. மதுரைக்காரர் மதுரை என்று சொல்லத்தானே செய்வார்? அவர் பேசி நிறுத்திய இடத்திலெல்லாம் "சரிங்க சார்" போட்டேன்.

அரைக் கிலோ கருப்பட்டி மிட்டாயோடு ஓடினேன். "ஓட்டம் நல்லா இருக்காம்" என்றதும் டாக்டரம்மாவும் பெருமூச்சு விட்டார். "அப்ப இங்கயே பெத்துக்கிடலாம்."

பெண் குழந்தை. மறுநாளே உதடு நீலமானது. மனைவியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விட்டுவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு மதுரைக்குக் காரில் பறந்தேன். அந்த டாக்டரை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"இதயத்துல ஓட்டை இருக்கு, மதுரைக்கு வந்துதான் பெத்துக்கிடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே? சரி சரின்னீங்களே! பிறந்த கையோட கொண்டுவந்திருந்தா ஏதாவது பாத்திருக்கலாம்."

அவர் வாய் என் எதிரே இருந்தது. ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் புரிந்தது. சாயங்காலம் பிள்ளை போய்விட்டது.

திரும்பி வந்து மனைவியிடம், "அந்த டாக்டரு போன்ல தப்பாச் சொல்லிட்டாரு" என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பொய். டாக்டரம்மாவிடமும் அதையே சொன்னேன். கூசாமல் சொன்னேன்.

இப்போதெல்லாம் மதுரை டாக்டர் கம்ப்யூட்டர் திரையில் தோன்றி, இங்கே இருக்கும் வயிற்றுப் பிள்ளையின் இதயத்தை அங்கிருந்தே பார்க்கிறார். பேசுகிறவர் முகம் தெரிகிறது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிறந்து தங்கிய ஒரே மகள் உண்டாகி, போன மாதம் அப்படித் திரையில் பார்க்கக் கிளம்பினாள். என் மனைவி வாசலில் மறித்துக்கொண்டாள்.

"நம்பாத தாயி, நேர்லயே போயிப் பாரு. ஒருத்தன் போன்ல சொன்னத நம்பித்தான் பிள்ளையப் பறிகொடுத்தேன். அவன் நாக்கு அழுகிப் போக."

எனக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சாபம் மாறவில்லை, பார்க்காமலேயே தெரியும்.

என் பக்கம் திரும்பி, "நாஞ் சொல்றது சரிதான?" என்று கேட்டாள்.

சரி என்று தலையாட்டினேன்.